மாலை போட்ட மூணாம் நாள் உளறல்: குடியை நிறுத்துறது பற்றி ஒரே இழையில்

#1 கரிசல்மண் (நெறியாளர்)

கார்த்திகை நெருங்குது. வருஷா வருஷம் இந்த நேரத்துல ஒரே கேள்வி நாலஞ்சு இழையில சிதறிக் கிடக்கும். "தினமும் குடிக்கிறவர் மாலை போட்ட அன்னிக்கே நிறுத்திடலாமா? மூணாம் நாள் உளர்றாரு, சாமி வந்திருக்குன்னு சொல்றாங்க." இந்தத் தடவை எல்லாத்தையும் இங்கேயே பேசிடுவோம்.

சொந்தக் கதைக்குத் தனி இழை இருக்கு, அங்க போடுங்க. இங்க அளவு, நாள் கணக்கு, மருந்து, எது எங்க தப்பாப் போகுது, அவ்வளவுதான். மருந்து அளவு யாராவது எழுதினா அது டாக்டர் எழுதின சீட்டைப் புரிஞ்சுக்கிறதுக்கு. மெடிக்கல் ஷாப்ல போய் நீங்களே கேட்டு வாங்குறதுக்கு இல்ல.

#2 ஏழாம் வார்டு

முதல்ல கணக்கு. டாஸ்மாக் குவாட்டர் 180 மி.லி., அதுல ஆல்கஹால் 42.8 சதவீதம். எடைக்கு மாத்தினா சுமார் 61 கிராம் சுத்த ஆல்கஹால். இந்தியாவுல 10 கிராமை ஒரு அளவுன்னு வைப்பாங்க, அப்போ ஒரு குவாட்டர் ஆறு அளவு. ரெண்டு பேர் பங்கு போடுற கட்டிங் மூணு அளவு. 650 மி.லி. பீர் 5 சதவீதம்னா இரண்டரை அளவு, 8 சதவீத ஸ்ட்ராங்னா நாலு அளவு. "பீர்தான், வேற ஒண்ணும் இல்ல"ன்னு சொல்றவர் ரெண்டு ஸ்ட்ராங் அடிச்சா அது ஒரு குவாட்டருக்கு மேல.

இந்தக் கணக்கு எதுக்குன்னா, ஓபியில டாக்டர் கேக்குற முதல் கேள்வி இதுதான். "கொஞ்சமா குடிப்பாரு"ன்னு வீட்டுக்காரங்க கூச்சப்பட்டுக் குறைச்சுச் சொன்னா மருந்தும் குறைவா எழுதுவாங்க. மூணாம் நாள் ராத்திரி அது தெரிஞ்சிடும்.

அளவை விட முக்கியம் காலைல என்ன நடக்குதுங்கிறது. எழுந்ததும் கை நடுக்கம், குமட்டல், வேர்வை, ஒரு கட்டிங் போனதும் எல்லாம் அடங்குது. இதுக்கு மேல வேற பரிசோதனை வேண்டாம், உடம்பு அடிமையாகிடுச்சு. அப்படிப்பட்டவர் சட்டுனு நிறுத்தினா:

6 மணி நேரத்துல இருந்து 24க்குள்ள நடுக்கம், வேர்வை, படபடப்பு, தூக்கமின்மை.
6ல இருந்து 48க்குள்ள வலிப்பு வரலாம். எந்த முன்னறிவிப்பும் இல்லாம.
48ல இருந்து 96க்குள்ள டெலிரியம். நாள், இடம், ஆள் தெரியாது, பூச்சி ஊர்ற மாதிரி சட்டையைத் தட்டுவாரு, காய்ச்சல் அடிக்கும், நாடி ஓடும்.

கடைசியா சொன்னதைத்தான் சாமி வந்திருக்குன்னு சொல்றாங்க. கரெக்டா மூணாம் நாள். சிகிச்சை இல்லாம விட்டா உயிர் போற நிலை அது.

#3 திண்ணைப்பேச்சு

ஏன் சட்டுனு நிறுத்தினா இப்படி ஆகுது? போதை இறங்கினா உடம்பு நல்லாத்தானே ஆகணும்?

#4 செம்பருத்தி

@திண்ணைப்பேச்சு, மேட்டுல வண்டி தள்ளுற மாதிரி நினைச்சுக்குங்க. ஆல்கஹால் மூளையை அமுக்குது. தினமும் அமுக்கினா மூளை சும்மா இருக்காது, எதிர்ப்பக்கம் இருந்து தள்ள ஆரம்பிக்கும். அடக்குற ரசாயனமான காபாவுக்கு அது கொடுக்குற பதில் குறையும், கிளப்பி விடுற குளுட்டமேட் கூடும். ரெண்டு பக்கமும் தள்ளுற வரைக்கும் வண்டி நிலையா நிக்கும், அதனாலதான் குடிச்சவர் "ஸ்டெடியா" தெரியுறார். ஒரு பக்கம் திடீர்னு கையை எடுத்தா? அந்த ஓட்டம்தான் நடுக்கம், வலிப்பு, உளறல்.

அதனாலதான் டாக்டர் குளோர்டையசிபாக்சைடு அல்லது டயசிபாம் கொடுக்கிறாங்க. ஆல்கஹால் அமுக்குற அதே இடத்துல இதுவும் அமுக்கும், ஆனா தினமும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு ஒரு வாரம் பத்து நாள்ல நிறுத்திடலாம். கல்லீரல் கெட்டுப்போனவருக்கும் வயசானவருக்கும் லோராசிபாம் பக்கம் போவாங்க, உடம்புல தேங்கிப்போற ஆபத்து அதுல குறைவு.

இன்னொண்ணு. நிறுத்தி, குடிச்சு, நிறுத்தி, குடிச்சுன்னு போனவருக்கு ஒவ்வொரு தடவையும் அறிகுறி கடுமையாகும். "போன வருஷம் மாலை போட்டப்போ ஒண்ணும் ஆகல"ங்கிறது இந்த வருஷத்துக்கு உத்தரவாதம் இல்ல.

#5 ஏழாம் வார்டு

செம்பருத்தி சொன்னதோட ஒரு விஷயம் சேர்க்கணும், இதுதான் நம்ம ஊர்ல அதிகமா தப்பாப் போறது.

ஆளு தளர்ந்து கிடந்தா வீட்டுல என்ன செய்வோம்? தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க". நீண்ட நாள் குடிச்சவர் உடம்புல தயமின், அதாவது பி1 வைட்டமின், கிட்டத்தட்ட காலியா இருக்கும். சாப்பாடு சரியில்ல, குடல் உறிஞ்சவும் மாட்டேங்குது. மொத்த உடம்புலயே 30 மில்லிகிராம் அளவுதான் இருப்பு, ரெண்டு மூணு வாரத்துல தீர்ந்துடும். குளுக்கோஸை எரிக்க தயமின் வேணும். இல்லாத இடத்துல குளுக்கோஸை ஊத்தினா மிச்சம் மீதி இருக்கிறதும் செலவாகி வெர்னிக்கேங்கிற மூளைப் பாதிப்பு வரலாம். கண் ஒழுங்கா அசையாது, நடை தள்ளாடும், குழப்பம். குடிச்சவர் தள்ளாடினா யார் சந்தேகப்படுவா? "இன்னும் இறங்கல"ன்னு விட்டுடுவாங்க. அதைத் தாண்டினா கோர்சகாஃப், புது ஞாபகம் எதுவும் பதியாது, பல பேருக்கு அது முழுசா திரும்புறதில்ல.

அதனால கிளினிக்ல ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க: "தினமும் குடிக்கிறவர், குளுக்கோஸுக்கு முன்னாடி தயமின் ஊசி போடுங்க." மாத்திரை போதாது, தொடக்கத்துல ஊசிதான். அப்புறம் மாசக்கணக்குல மாத்திரை. வீட்டுல புழுங்கல் அரிசி, பயறு, வேர்க்கடலை. பச்சரிசியைப் பட்டை தீட்டும்போதே பி1 தவிட்டோட போயிடும்.

#6 ராப்பாடி

கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே வரலாமே? ஒரு குவாட்டர், அப்புறம் ஒரு கட்டிங், அப்புறம் அரைக் கட்டிங். டாக்டரே வேண்டாம்.

#7 செம்பருத்தி

தாளில் நல்லா இருக்கும் ராப்பாடி அண்ணே. முதல் கட்டிங் உள்ள போனதும் கணக்கு வச்சவரோட கைதான் முதல்ல தளரும், அதுதான் இந்த நோயே. வேற ஒருத்தர் பூட்டி வச்சு நேரம் பாத்து ஊத்திக் கொடுத்தா நடக்கலாம், எத்தனை வீட்டுல அது நடக்கும்? ஊத்திக் கொடுக்கிறது யாரு, பெரும்பாலும் மனைவி. அந்த வீட்டுல அது எப்படி முடியும்னு உங்களுக்கே தெரியும்.

ஆனா ஒண்ணு: ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டு நாள் ஆகும்னா அந்த ரெண்டு நாள் வைராக்கியமா வீட்டுல பட்டுனு நிறுத்திக்கிட்டு உக்காராதீங்க. முதல்ல டாக்டர், அப்புறம் நிறுத்தம்.

எல்லாருக்கும் அட்மிஷன் தேவையில்ல. கூட ஆள் இருந்து, முன்னாடி வலிப்பு வந்ததில்லன்னா, வெளிநோயாளியாவே மருந்தோட முடிச்சிடலாம். அட்மிஷன் கேட்டே வாங்க வேண்டியவங்க: முன்னாடி வலிப்போ உளறலோ வந்தவர், மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி, இதயக் கோளாறு, தூக்க மாத்திரையும் சேர்த்துப் போடுறவர், தற்கொலை பேச்சு பேசுறவர், வீட்டுல யாருமே இல்லாதவர்.

#8 கூழாங்கல்

பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க ஒட்டியிருக்கு, "குடிப்பவருக்குத் தெரியாமலே சோற்றில் கலந்து கொடுக்கலாம்". அக்கம்பக்கத்துல பலர் வாங்குறாங்க. வேலை செய்யுது, ஆள் வாந்தி எடுக்கிறார், குடிக்கப் பயப்படுறார்னு சொல்றாங்க. இதுல என்ன இருக்கும்?

#9 மருந்துச்சீட்டு

பொட்டலத்துல என்ன இருக்குன்னு பரிசோதனைக் கூடத்துல போட்டாத்தான் தெரியும். ஆனா "குடிச்சா வாந்தி, முகம் சிவக்குது, நெஞ்சு அடிக்குது"ன்னா முதல் சந்தேகம் டைசல்ஃபிரம். அதைப் பத்தி விரிவா எழுதுறேன், ஏன்னா மருந்தா முறையா கொடுத்தா நல்லது, திருட்டுத்தனமா கொடுத்தா கொலை மாதிரி.

ஆல்கஹால் கல்லீரல்ல முதல்ல அசிட்டால்டிஹைடா மாறும், அப்புறம் ஒரு நொதி அதை உடைச்சு அசிட்டேட்டா ஆக்கும். டைசல்ஃபிரம் அந்த ரெண்டாவது நொதியைப் பூட்டிடும். அசிட்டால்டிஹைடு ரத்தத்துல ஏறும். குடிச்ச பத்து நிமிஷத்துல இருந்து அரை மணிக்குள்ள முகம் சிவந்து, தலை தெறிச்சு, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். 1948ல டென்மார்க்ல இதைக் குடிக்கு மருந்தா அறிவிச்சாங்க, அன்னியிலேருந்து விதி ஒண்ணுதான்: எடுக்கிறவருக்குத் தெரிஞ்சிருக்கணும். "குடிச்சா இது நடக்கும்"ங்கிற அறிவுதான் மருந்து. தெரியாதவர் வாந்தி எடுத்துட்டு, சரக்கு சரியில்லன்னு இன்னொரு குவாட்டர் வாங்குவார். மாரடைப்புக்கு அது போதும்.

முறையா எப்படி: கடைசியா குடிச்சு குறைஞ்சது 12 மணி நேரம் ஆகியிருக்கணும். வழக்கமா தினம் 250 மில்லிகிராம். ஆரம்பிக்கும் முன்னாடியும் ரெண்டு வாரம் கழிச்சும் கல்லீரல் டெஸ்ட். இதய நோய், மனச்சிதைவு, கர்ப்பம் இருந்தா கிடையாது. மாத்திரையை நிறுத்தின பிறகும் 14 நாள் வரைக்கும் குடிச்சா தாக்கும், "நேத்து போடல, இன்னிக்கு குடிச்சா ஒண்ணும் ஆகாது"ங்கிறது ரொம்ப பேர் செய்யுற தப்பு. வீட்டுல ஒருத்தர் கண்ணு முன்னாடி தினமும் காலைல போட்டாத்தான் பலன்.

ஒளிஞ்சிருக்கிற ஆல்கஹால்: சில இருமல் சிரப், ஹோமியோபதி சொட்டு, ஷேவ் பண்ணின பிறகு பூசுற லோஷன், சானிடைசர். நம்ம ஊருக்கே உரியது அரிஷ்டமும் ஆசவமும். தசமூலாரிஷ்டம் புளிக்க வச்சுத்தான் செய்யுறாங்க, அதுல ஆல்கஹால் தானா உருவாகும். வயித்துப்போக்குக்கு மெட்ரோனிடசோல் எழுதுற டாக்டர்கிட்டயும் சொல்லணும், ரெண்டும் சேர்ந்தா மனக்குழப்பம் வரலாம்.

#10 கூழாங்கல்

நன்றி சார். அப்போ இது பிடிக்காதவருக்கு வேற மருந்தே இல்லையா?

#11 மருந்துச்சீட்டு

இருக்கு. நால்ட்ரெக்சோன் தினம் 50 மில்லிகிராம், குடிச்சா வர்ற "கிக்"கைக் குறைக்கும், ஒண்ணு குடிச்சதும் நாலுக்குப் போற வேகம் அடங்கும். குடிச்சாலும் டைசல்ஃபிரம் மாதிரி தாக்காது. ஆனா டாபென்டடால், டிரமடால் மாதிரி வலி மாத்திரையை போதைக்குப் போடுறவருக்கு இதைக் கொடுத்தா அந்த நிமிஷமே கடுமையான விலகல், அதாவது போதை சட்டுனு நின்னா உடம்பு படுற அவஸ்தை, வரும். ஏழுல இருந்து பத்து நாள் அது இல்லாம இருந்தாத்தான் தொடங்கலாம். அந்த விஷயத்தை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

அகாம்ப்ரோசேட் 333 மில்லிகிராம், வேளைக்கு ரெண்டா மூணு வேளை. நிறுத்தினவருக்குத் திரும்பக் குடிக்கணும்ங்கிற அரிப்பைக் குறைக்கும். சிறுநீரகம் வழியா போறதால கிரியாட்டினின், அதாவது சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட், பாக்கணும். ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை, அதனாலேயே பாதி பேர் விட்டுடுறாங்க. கல்லீரல் சுருங்கினவருக்கு பாக்லோஃபென். எதுவா இருந்தாலும் மூணு மாசம் குறைஞ்சது, வழக்கமா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம்.

#12 திண்ணைப்பேச்சு

மருந்து எல்லாம் சரி. மனசு? நிறுத்தின பிறகு ஆளே மாறிடுறாங்க, பேசுறதில்ல, அழறாங்க, தூங்குறதில்ல. "குடிச்சப்பவே நல்லா இருந்தே"ன்னு வீட்டுலயே சொல்லிடுறாங்க.

#13 நடுப்பகல்

இதுல அவசரப்பட்டா ரெண்டு பக்கமும் தப்பு நடக்கும்.

ஆல்கஹாலே மனச்சோர்வை உண்டாக்கும். நிறுத்தின முதல் வாரம் யாரைப் பார்த்தாலும் மனச்சோர்வு நோயாளி மாதிரிதான் இருப்பார். பெரும்பாலோருக்கு ரெண்டுல இருந்து நாலு வாரத்துல அது தானா விலகும். அதனால பொதுவாக அந்த நாலு வாரம் பார்த்துவிட்டு மாத்திரை பற்றி முடிவெடுப்பார்கள். ஆனால் குடிக்கத் தொடங்கும் முன்பே சோர்வு இருந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்கிறது, முன்பு பல மாதம் குடிக்காமல் இருந்தபோதும் இருந்தது என்றால் காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அன்றே அப்புறப்படுத்துங்கள்.

தூக்கம் தாமதமாகத்தான் திரும்பும், சிலருக்கு மாதக்கணக்கில். இங்கேதான் மெடிக்கல் ஷாப் அல்பிரசோலாம் உள்ளே நுழைகிறது. விலகலுக்குக் கொடுத்த மாத்திரையின் அதே குடும்பம். பத்து நாளில் நிறுத்த வேண்டியதைப் பத்து மாதம் தொடர்ந்தால் ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்ததாகும்.

இரண்டு நிலைகளை டெலிரியத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தெளிவாக இருக்கிறார், நாள் கிழமை சரியாகச் சொல்கிறார், ஆனால் தன்னைத் திட்டும் குரல் காதில் கேட்கிறது என்றால் அது ஆல்கஹாலால் வரும் செவிப்பிரமை. மனைவி மேல் ஆதாரமில்லாத சந்தேகம், கைபேசியை நோண்டுவது, பின்தொடர்வது, இது பல வருடக் குடியோடு வரும் சந்தேக நோய். குடியை நிறுத்தினாலும் சில சமயம் தொடரும். அந்த வீட்டில் பெண்ணின் பாதுகாப்புதான் முதல் வேலை. "குடி போனா சரியாயிடும், பொறுத்துக்கோ" என்று யாரும் சொல்லாதீர்கள்.

#14 ராப்பாடி

குடிக்கணும்னு தோணும்போது என்னதான் செய்யணும்? அதைச் சொல்லுங்கப்பா. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடை வழியாத்தான் வீட்டுக்கு வரணும்.

#15 நடுப்பகல்

அந்த ஏக்கம் அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், பதினைந்து முதல் முப்பது நிமிடத்தில் இறங்கும். குடிக்காமல் விட்டால் இறங்காது என்று தோன்றும், அது பொய். ஒவ்வொரு முறை இறங்குவதைப் பார்த்தவருக்கு அடுத்த முறை கொஞ்சம் எளிது. எனவே வேலை அந்த அரை மணியைக் கடத்துவதுதான். முதலில் வயிற்றை நிரப்புங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் அடியில் இருக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு நான்குமே இருக்கும். நான்கு மணிக்கே இரண்டு வாழைப்பழமோ சுண்டலோ சாப்பிட்டவருக்கு ஆறு மணி வேறு மாதிரி இருக்கும்.

வழியை மாற்றுங்கள், ஐந்து கிலோமீட்டர் சுற்றினாலும். சம்பளம் வங்கிக்குப் போய், கையில் அன்றைய செலவுக்கு மட்டும் இருக்கட்டும். தினக்கூலி என்றால் சனிக்கிழமை கூலி வாங்கும் இடத்துக்கு வீட்டிலிருந்து ஒருவர் வரட்டும். கல்யாணம், துக்க வீடு, ஊர்த் திருவிழா: முதல் வருடம் போனால் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்ப வேண்டும். "மாத்திரை சாப்பிடறேன்" என்ற ஒரே பதில் போதும், விவாதம் வேண்டாம்.

ஒருநாள் சறுக்கினால்? "எல்லாம் போச்சு" என்று அந்த வாரம் முழுவதும் குடிப்பதுதான் நிஜமான விபத்து. ஒரு கட்டிங் சறுக்கல், அதற்குப் பிந்தைய ஒரு வாரம்தான் வீழ்ச்சி. மறுநாள் காலை ஓபி.

#16 செம்பருத்தி

வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு வரி. குடிச்சிருக்கும்போது பேச்சு வேண்டாம், காலைல பேசுங்க. கடனை அடைக்கிறது, வேலை இடத்துக்கு "காய்ச்சல்"னு போன் பண்றது, வாந்தியைக் கழுவுறது, இதெல்லாம் அன்புதான், ஆனா குடியோட விலையை அவர் பாக்காம நீங்க மறைக்கிறீங்க. குடிக்காத நாள்ல பிடிச்ச குழம்பு வைக்கிறது அதைவிட வேலை செய்யும்.

#17 கூழாங்கல்

"மறுவாழ்வு மையம்"னு வந்து வேன்ல தூக்கிட்டுப் போறாங்களே, அது சரியா?

#18 மருந்துச்சீட்டு

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துல மது, போதையால வர்ற மனநிலையும் மனநோய்க்குள்ளதான் வருது. அதனால மையம் பதிவு பெற்றிருக்கணும். சங்கிலி போட்டுக் கட்டுறதுக்கு எந்த வடிவத்திலயும் தடை. அவர் சம்மதம் இல்லாம சேர்க்கணும்னா 89ஆம் பிரிவுப்படி ரெண்டு பேர் தனித்தனியா பரிசோதிச்சிருக்கணும், அதுல ஒருத்தர் மனநல மருத்துவர். முதல்ல 30 நாள் வரைதான். போன்லயே "90 நாள் பேக்கேஜ், பாக்க வரக்கூடாது"ன்னா வேண்டாம்னு வச்சிடுங்க. கேட்க வேண்டியது மூணு: பதிவு எண் என்ன, மனநல மருத்துவர் எந்தெந்த நாள் வர்றார், ராத்திரி வலிப்பு வந்தா எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீங்க.

காசு இல்லாதவங்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாத்துலயும் மனநலப் பிரிவு இருக்கு. சென்னையில கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கு. இந்திரா நகர்ல 1980ல சாந்தி ரங்கநாதன் தொடங்கின டி.டி.கே. மருத்துவமனை குடிக்குன்னே தனியா நடக்குது. ராத்திரி பேச ஆள் வேணும்னா டெலிமானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் 14416, தமிழ்ல பேசலாம், காசு இல்ல. போதை மீட்புக்குன்னு தேசிய எண் 14446. குடியை விட நினைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் கைகொடுக்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, பேரும் கேக்க மாட்டாங்க. குடும்பத்துக்கு அல்-அனான் தனியா இருக்கு.

டாபென்டடால் ஊசி போடுற பையன்கள் விஷயம் வேற. அந்த விலகல் பெரும்பாலும் உயிரைக் கொல்லாது, ஆனா நிறுத்தி ரெண்டு வாரம் கழிச்சு பழைய அளவையே திரும்பப் போட்டா மூச்சு நின்னுடும், உடம்பு தாங்குற சக்தி இறங்கியிருக்கும். அதுக்கு புப்ரினார்ஃபின் சிகிச்சை. தனி இழை வேணும்.

#19 திண்ணைப்பேச்சு

கடைசியா ஒண்ணு. விரதத்துல மாத்திரை போடலாமா? கேப்ஸ்யூல் மேல இருக்கிறது மாட்டு ஜெலட்டின்னு குருசாமி ஒருத்தர் வேண்டாம்னுட்டார்.

#20 ஏழாம் வார்டு

மேல சொன்ன மருந்துல பெரும்பாலானது மாத்திரையாவே கிடைக்குது, கேப்ஸ்யூல் வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொன்னா போதும். மருந்துக்கு விரதம் கெடாதுன்னு சொல்ற குருசாமிகளும் நிறைய இருக்காங்க, அவங்க கையால மாலை போட்டுக்குங்க.

நாள் கணக்கு இப்படி வச்சுக்குங்க. கார்த்திகை ஒண்ணுக்குப் பத்துப் பன்னெண்டு நாள் முன்னாடி ஓபி. தயமினும் விலகல் மருந்தும் அப்பவே தொடங்கினா மாலை போடுற அன்னிக்கு நடுக்கம் தாண்டியிருக்கும். விடிகாலைப் பச்சைத்தண்ணிக் குளியல், ஒருவேளை சாப்பாடு, வெறுங்கால் நடை எல்லாம் அதுக்கப்புறம் உடம்பு தாங்கும். முதல் ஐந்து நாள் ஒருவேளை விரதம் வேண்டாம், மூணு வேளையும் சாப்பிடட்டும்.

மாலை கழட்டுற நாளுக்கும் இப்பவே ஓபி தேதி வாங்கிடுங்க. 41 நாள் குடிக்காத உடம்புக்குப் பழைய குவாட்டர் பழைய மாதிரி இருக்காது, திரும்புற வேன்லயே பாட்டிலை எடுக்கிற கூட்டாளி எப்பவும் ஒருத்தர் இருப்பார். அந்த வேன்ல வராம பஸ்ல வரட்டும்.

#21 கரிசல்மண் (நெறியாளர்)

இழையை மேலே ஒட்டி வைக்கிறேன். டாபென்டடாலுக்குத் தனி இழை மருந்துச்சீட்டு சார் தொடங்குவார், இல்லையா சார்?

#22 மருந்துச்சீட்டு

ஞாயித்துக்கிழமை.